டிரான்சென்டென்டலிசம், இன்டுயிஷன்: தமிழில் எப்படிச் சொல்வது?

> டிரான்சென்டென்டலிசம் = ஆழ்நிலைவாதம்
> இன்டுயிஷன் = உள்ளுணர்வு
> ரீசன் = பகுத்தறிவு
> இவை போதாதா?

வணக்கம் ஐயா,

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் ஆபத்து. டிரான்சென்டென்டலிசம் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சிந்தனை இயக்கத்தை நடத்திய எமர்சன் வட்டத்தார் 'ரீசன்' என்றது நம் பகுத்தறிவை அல்ல. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் நூலை ஜேம்ஸ் மார்ஷ் 1829இல் அமெரிக்காவில் பதிப்பித்தார். ரீசன் வேறு, அண்டர்ஸ்டாண்டிங் வேறு என்ற பாகுபாட்டை அவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். 1834இல் தம்பி எட்வர்டுக்கு எழுதிய கடிதத்தில் எமர்சன் இதை உடைத்தே சொல்கிறார்: ரீசன் வாதிடாது, நிறுவாது, நேரே காணும்; ஒப்பிட்டுக் கூட்டிக் கழித்து உழைப்பதெல்லாம் அண்டர்ஸ்டாண்டிங். பகுக்கவே பகுக்காத ஒன்றுக்குப் பகுத்தறிவு என்று பெயரா? பெரியாருக்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு ஏறியிருக்கும் பொருளோடு படிப்பவர், எமர்சனை நாத்திகர் என்றே முடிவுகட்டிவிடுவார். (எமர்சனின் 1838 ஹார்வர்டு உரைக்குப் பிறகு இறையியலாளர் ஆண்ட்ரூஸ் நார்ட்டன் கிட்டத்தட்ட அப்படித்தான் தாக்கினார். அது வேறு கதை.) பகுத்தறிவை அண்டர்ஸ்டாண்டிங்குக்குக் கொடுத்துவிடலாம். ரீசனுக்கு 'மெய்யறிவு' என் பரிந்துரை.

உள்ளுணர்வு என்றால் 'ஏனோ மனசுக்குப் படுது' என்ற அளவில் நின்றுவிடுகிறது. இவர்கள் கோரியது அதைவிடப் பெரிது. புலன் வழி வராதது அறிவில் இல்லை என்ற ஆங்கிலத் தத்துவவாதி லாக்கின் கட்சியை மறுத்து, மனத்துக்குள்ளேயே அறிவு இருக்கிறது என்றார்கள். இவர்களில் ஒருவரான ஆல்காட் 1834இல் பாஸ்டனில் தொடங்கிய பள்ளியில் நற்செய்தி நூல்களுக்கு அவர் உரை சொல்லவில்லை. சிறு பிள்ளைகளிடமே கேள்வி கேட்டு, அவர்கள் சொன்னதை எழுதவைத்தார். அது நூலாக வந்ததும் ஊரே எதிர்த்தது, பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். உணர்ச்சியை நம்பி யாரும் இப்படிப் பள்ளி நடத்த மாட்டார்கள். ஆகவே 'உள்ளறிவு'.

———

அம்மா,

இன்டுயிஷனுக்கு 'உட்காட்சி' ஏன் கூடாது? சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் மானதக் காட்சி, யோகக் காட்சி என்றெல்லாம் வகை இருக்கிறதே. இன்னொன்று: 'தன்னம்பிக்கை' கட்டுரையில் (1841) எமர்சனே இதை இன்ஸ்டிங்க்ட் (இயல்புணர்வு) என்றும் சொல்கிறார். உணர்வு வேண்டாம், அறிவுதான் என்று நீங்கள் போடும் கோடு அவர் போட்டதல்ல.

———

> அவர் போட்டதல்ல

பாதி ஒப்புகிறேன். ஆனால் அடுத்த வரியிலேயே அதை முதன்மையான ஞானம் என்று உயர்த்தி இன்டுயிஷன் என்கிறார். பின்னால் கற்பிக்கப்படுவதெல்லாம் வெறும் டியூஷன் என்று சிலேடை வேறு. (நம் ஊர்ப் பெற்றோருக்கு இதை மொழிபெயர்க்கவே தேவையில்லை.) ஞானம் என்றவருக்கு அறிவு பொருந்தும்.

உட்காட்சி அழகுதான். ஆனால் கல்வி உளவியலில் அது உளவியலாளர் கோலரின் சிம்பன்சிச் சோதனைக்குப் போய்விட்டது: பெட்டிகளை அடுக்கி வாழைப்பழத்தை எடுக்கிறதே, அந்த 'உட்காட்சி வழிக் கற்றல்'. தனியாகக் 'காட்சி' என்பதை ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட்டுக்காக விட்டுவையுங்கள். அவர் சொல்லும் இன்டுயிஷன் மனிதரைப் பொறுத்தவரை புலன்வழிப்பட்டதே. ஒரே சொல்லை இருவருக்கும் வைத்தால் மாணவர் குழம்புவார்.

இயக்கத்தின் பெயருக்கு ஆழ்நிலை வேண்டாம். ஆழ்நிலை தியானம் என்று அது மகரிஷி மகேஷ் யோகியோடு ஒட்டிக்கொண்டது. 'கடப்பியம்' எப்படி?

———

கடப்பியம் என்றதும் எனக்குச் சமையலறைக் கடப்பாக்கல்தான் வருகிறது! மேலும், எதைக் கடப்பது? காண்ட்டுக்கு இந்தச் சொல்லே பொருந்தாது. அவர் 'டிரான்சென்டென்டல்' என்றது அனுபவம் சாத்தியமாவதற்கு மனத்தில் முன்கூட்டியே இருந்தாக வேண்டியவற்றை.

———

காண்ட்டுக்குத் தனிச்சொல்தான் வேண்டும். அவரிடமிருந்து பெயரை வாங்கிப் பொருளைத் தளர்த்தியவர்கள் இவர்கள். உள்ளறிவைச் சார்ந்த எதையும் மக்கள் அப்படி அழைக்கிறார்கள் என்று 1842 பாஸ்டன் உரையில் எமர்சனே சொல்லிவிட்டார். எதைக் கடப்பது என்ற கேள்விக்காக 'புலன்கடப்பியம்' என்று நீட்டலாமா?

———

நீளம்தான். ஆனாலும் கல் மறைந்துவிட்டது. புலன்கடப்பியம், மெய்யறிவு, உள்ளறிவு மூன்றையும் கலைச்சொற் பட்டியலில் ஏற்றுகிறேன். அண்டர்ஸ்டாண்டிங்குக்குப் பகுத்தறிவு என்பதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. 'ஆய்வறிவு' என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவைக்கிறேன்.