அப்பாயி வீடு ஏற்காடு (குடும்ப குரூப்)

*சனி, காலை 7:38*

கார்த்தி: பொங்கலுக்கு வெள்ளையடிக்க பரண் சாமான் எல்லாம் இறக்கிட்டு இருக்கோம், அப்பாயியோட தகரப்பெட்டி கெடச்சுது, உள்ள நாப்தலின் உருண்டை கரைஞ்சு ஒரே வாசம், அடியில பூரா லெட்டருங்க. 60க்கு மேல இருக்கும்

கார்த்தி: 📷 போட்டோ

நிவி: டேய் செம்ம!! அந்த நீலக் கலர் என்னடா

பெரியப்பா: ஏர் லெட்டர். உள்ளயே எழுதி மடிச்சு ஒட்டி போடுறது. எல்லாம் சிலோன்ல இருந்து உங்க தாத்தா, அதாவது அப்பாயியோட தம்பி, எங்களுக்கு மாமா எழுதினது

சரவணன் மாமா: மச்சான் காலையிலயே குட்மார்னிங் பூ அனுப்பாம ஒழுங்கா மெசேஜ் போட்டுட்டாரு, இன்னைக்கு மழை வரும்

பெரியப்பா: 🌹🌹 இந்தாங்க மாப்ள

நிவி: அப்பா அவர் மட்டும் ஏன் அங்கயே இருந்தாரு? எத்தனை தடவ கேட்டாலும் பெரிய கதைன்னு சொல்லி நிறுத்திடுவீங்க

பெரியப்பா: வாய்ஸ் டைப்பிங்ல சொல்றேன் தப்பு இருந்தா சரி பண்ணி படிச்சுக்கோ. 48ல சிலோன் சுதந்திரம் வாங்கினதும் சட்டம் போட்டு தோட்டத்து சனத்துக்கு பிரஜாவுரிமை இல்லன்னுட்டாங்க, எந்த நாட்டு ஆளும் இல்ல. அப்புறம் 64ல சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டாங்க. 9 லட்சத்து 75 ஆயிரம் பேர்ல 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் அங்க. மிச்சம் ஒன்றரை லட்சத்த 74ல ஆளுக்கு பாதின்னு பிரிச்சுக்கிட்டாங்க, மாட்ட பங்கு போடற மாதிரி. எங்கப்பா இந்தியாவுக்கு மனு போட்டாரு, மாமா அங்கயே கேட்டு எழுதிப் போட்டாரு. 73ல எங்களுக்கு பாஸ்போர்ட் வந்துருச்சு. மாத்தளை தோட்டத்து லயத்துல, அதான் லைன் வீட்டுல இருந்து கோச்சி ஏறினோம், அந்த ரயிலுக்கு பேரே ஒப்பாரிக் கோச்சி. தலை மன்னர் போயி ராமானுஜம் கப்பல்ல ராமேஸ்வரம், அப்புறம் திரும்பி வர்றவங்கள தங்க வைக்கிற மண்டபம் கேம்ப்

நிவி: தலை மன்னர் 😂

பெரியப்பா: தலைமன்னார். எனக்கு அப்ப பத்து வயசு, சித்ராவுக்கு அஞ்சு. குடும்ப கார்டுல குடியேற வேண்டிய எடம்னு வேற ஊரு போட்டிருந்துச்சு, ஆனா அப்பாவோட அண்ணன் இங்க காப்பி எஸ்டேட்ல இருந்தாரு, அதனால நேரா ஏற்காடு வந்துட்டோம். உங்க பாட்டிக்கு முதல் ஒரு வருசம் இந்த வேலையே புரியல, கொழுந்து கிள்ளுன கைக்கு பழம் எடுக்க வரல, மார்கழி குளிர்ல அழுவும்

கார்த்தி: இப்ப கூட வெயில்ல உக்கார வச்சிருக்கேன். நேத்து சாயந்தரம் ரெண்டு லெட்டர் படிச்சுக் காட்டினேன், ஒரே குஷி. "இன்னொன்னு படி இன்னொன்னு படி"ன்னு சின்னப் புள்ள மாதிரி

*காலை 8:05*

சித்ரா அத்தை: எந்த லெட்டர் படிச்ச

கார்த்தி: வாங்க அத்தை குட்மார்னிங்

சித்ரா அத்தை: எந்த லெட்டர் படிச்சன்னு கேட்டேன்

கார்த்தி: ஒன்னு 76. ஆடு குட்டி போட்டது, தோட்டத்துல மாரியம்மன் திருவிழா, அப்புறம் 'சித்ராவை எங்க பெரியவனுக்குத்தான், சொல்லி வையுங்க அக்கா'ன்னு எழுதியிருக்காரு 😄 இன்னொன்னு 77

சரவணன் மாமா: ஓஹோ. இந்த விசயம் எனக்கு கல்யாணமாகி 37 வருசம் கழிச்சு தெரிய வருது பாருங்க

சித்ரா அத்தை: சும்மா இருங்க. 77 படிச்சியா

கார்த்தி: ஆமா அத்தை அது கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு. ஆகஸ்ட் மாசம் கலவரத்துல லயத்த கொளுத்திட்டாங்க, ராத்திரி பூரா தேயிலைக்குள்ள படுத்து கெடந்தோம், இனிமே இந்த மலை வேணாம், லாரி புடிச்சு வவுனியா வந்துட்டோம், கிளிநொச்சி பக்கம் காடு வெட்டினா காணி கெடைக்கும்னு சொல்றாங்கன்னு. அதுல மட்டும் "நலம் நலமறிய ஆவல்" இல்ல

பெரியப்பா: அவங்கள மாதிரி மலைநாட்டு சனம் எவ்வளவோ பேர் அப்ப வன்னிக்கு போனாங்க, தமிழ் ஏரியா பாதுகாப்பா இருக்கும்னு நெனச்சு. போன எடத்துலதான் பின்னாடி சண்டையே

சித்ரா அத்தை: கார்த்தி 90க்கு அப்புறம் உள்ளது எதையும் படிக்காத. பெட்டிய மூடி வை. நான் வந்து பாத்துக்கறேன்

நிவி: அத்தை ஏன்? நான் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி போடலாம்னு நெனச்சேன். இன்ஸ்டால இந்த மாதிரி பழைய லெட்டருக்கெல்லாம் நல்ல ரெஸ்பான்ஸ் வருது

சித்ரா அத்தை: நம்ம வீட்டு லெட்டர் ஊரு பாக்கறதுக்கு இல்ல நிவி

கார்த்தி: அத்தை, அப்பாயி இப்பவே அடுத்தது கேக்குது. இங்க ஒன்னு வேற மாதிரி இருக்கு, கவர் இல்ல, ஃபார்ம் மாதிரி, மேல செஞ்சிலுவை போட்டிருக்கு. 92

*காலை 8:40*

சித்ரா அத்தை: 🎤 குரல் செய்தி 4:12

சரவணன் மாமா: காதுல ஹெட்போன் இல்லாதவங்களுக்காக டைப் பண்ண சொன்னேன், பண்றா, பொறுங்க

சித்ரா அத்தை: சரி எழுதறேன். அம்மாவுக்கு எழுத படிக்க தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. அங்க தோட்டத்து வாத்தியார் எழுதுவாரு அப்புறம் பெரியவன் எழுதினான் அவன் கையெழுத்து முத்து மாதிரி இருக்கும். இங்க நாலாவது படிக்கிறப்ப இருந்து நான்தான் படிக்கிறதும் பதில் எழுதறதும். அண்ணன் படிச்சா கடகடன்னு ஓட்டிருவான்னு அம்மாவுக்கு புடிக்காது. நான் கல்யாணம் ஆகி அம்மாப்பேட்டை வந்த பிறகும் லெட்டர் வந்தா மடியில சொருகிகிட்டு பஸ் ஏறி இங்க வந்துரும், தறிச் சத்தத்துல எனக்கு கத்தி படிக்கணும், பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேக்கும்

சித்ரா அத்தை: 90ல மறுபடி சண்டை ஆரம்பிச்சதுல இருந்து ரெண்டு வருசம் ஒரு தகவலும் இல்ல. அப்பதான் இந்த ரெட் கிராஸ் தாள் வந்துச்சு. அத ஒட்ட மாட்டாங்க, தொறந்த தாளு, வழியில படிச்சு பாத்துதான் அனுப்புவாங்க, வீட்டு சமாச்சாரம் மட்டும்தான் எழுதணும், சண்டை அரசியல் ஒரு வார்த்தை இருந்தாலும் போகாது. பெரியவன் கையெழுத்து இல்ல. வேற யாரோ எழுதினது. ஏழு வரி. அதுல அஞ்சாவது வரி

கார்த்தி: "பெரியவன் போய்விட்டான். இனி அவனைப் பற்றிக் கேட்க வேண்டாம்."

கார்த்தி: சாரி அத்தை. கண்ணுல பட்டுருச்சு. சத்தமா படிக்கல

சித்ரா அத்தை: அத நான் அம்மாகிட்ட படிக்கல. பெரியவன் கொழும்புக்கு வேலைக்கு போயிட்டானாம்னு படிச்சேன். எங்க இருந்து அந்த வார்த்தை வந்துச்சுன்னு தெரியல, அம்மா முந்தானைல சில்லறைய முடிஞ்சுகிட்டு என் வாயையே பாத்துட்டு உக்காந்திருந்துச்சு

பெரியப்பா: சித்ரா என்கிட்ட கூட சொல்லல

சித்ரா அத்தை: உன்கிட்ட சொன்னா அன்னைக்கு சாயந்தரமே ஒண்டிக்கடை பூரா தெரிஞ்சிருக்கும் அண்ணா

சரவணன் மாமா: 🤐

சித்ரா அத்தை: அத்தோட விட்டிருந்தா பரவாயில்ல. ஒவ்வொரு லெட்டருக்கும் அம்மா "பெரியவனுக்கு கல்யாணம் ஆச்சான்னு எழுது"ங்கும். நான் எழுதற மாதிரி பண்ணி காப்பி பழம் விலைய எழுதுவேன். பதில் வந்தா அதுல அவனப் பத்தி ஒன்னும் இருக்காது. ஏன் எழுதலன்னு என்னைய பிராண்டும். கடைசில 96ஓ என்னமோ, அவன் சிங்களப் பொண்ண கட்டிகிட்டானாம், அதான் மாமாவுக்கு கோவம், பேர சொல்ல மாட்டேங்கறாருன்னு சொல்லிட்டேன்

நிவி: அத்தை

கார்த்தி: அய்யோ அத்தை, அப்பாயி இன்னைக்கு வரைக்கும் அதத்தான் சொல்லுது!! "என் தம்பி ஒரு வீம்புக்காரன், புள்ள யார கட்டினா என்ன, நான் அங்க இருந்திருந்தா சேத்து வச்சிருப்பேன்"னு. நான் நெஜம்னு நெனச்சுட்டு இருந்தேன்

பெரியப்பா: 2002ல சமாதானம் வந்து ஏ9 ரோடு தொறந்தப்ப மாமா வவுனியா வந்து போன் பண்ணாரு. 29 வருசம் கழிச்சு குரல். அம்மா எடுத்ததும் ரெண்டு பேரும் அழுதாங்களே தவிர பேசல. அப்புறம் அம்மா "பெரியவன மன்னிச்சுருடா தம்பி"ன்னுச்சு. அந்த பக்கம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிருச்சுன்னு நெனச்சோம். இப்பதான் புரியுது

சித்ரா அத்தை: நான் பக்கத்துல நின்னேன் அண்ணா. எனக்கு அப்பவே புரிஞ்சுது

*காலை 9:30*

நிவி: சிலோன் தாத்தாவோட பேத்தி பவானி அக்கா இந்த குரூப்ல இருக்காங்க. பாத்துட்டு இருக்காங்க, ரெண்டு டிக் நீலமாயிருச்சு

பெரியப்பா: அட ஆமா. போன தீபாவளிக்கு நான்தான் சேத்தேன்

பவானி (கிளிநொச்சி): வணக்கம் மாமா, வணக்கம் சித்தி. வாசிச்சுக் கொண்டுதான் இருக்கன்

பவானி (கிளிநொச்சி): சித்தி நீங்க எழுதின கடிதம் ஒண்டு எங்ககிட்ட இருக்கு. பொறுங்க

பவானி (கிளிநொச்சி): 📷 போட்டோ

பவானி (கிளிநொச்சி): 2009ல தர்மபுரத்துல இருந்து நடக்கத் தொடங்கி ஒவ்வொரு இடமா சாமான விட்டு விட்டு வந்தம். தாத்தாட பெட்டி ஒண்டு நிறைய உங்கட கடிதங்கள் இருந்தது, அத எந்த பங்கருக்குள்ள விட்டதெண்டு அப்பாக்கே நினைவில்ல. பிறப்பு சர்டிபிகேட், காணி உறுதி, அடையாள அட்டை எல்லாம் போட்ட ஷொப்பிங் பேக் ஒண்ட மட்டும் தாத்தா இடுப்புல கட்டியிருந்தார். அதுக்குள்ள இது ஒண்டு இருந்தது, இந்திய விலாசம் இருக்கெண்டுதான் வச்சிருந்தவர். அத பார்த்துத்தான் மெனிக் பாம் முகாம்ல இருந்து உங்களுக்கு எழுதினது

கார்த்தி: அந்த லெட்டரும் இருக்கு அக்கா!! "ராமநாதன் முகாம், செட்டிகுளம்"னு போட்டிருக்கு

பவானி (கிளிநொச்சி): ஓம் தம்பி. அது நான் எழுதினது. எனக்கு அப்ப 13. தாத்தா சொல்லச் சொல்ல எழுதினன்

சித்ரா அத்தை: அது உன் கையெழுத்தா கண்ணு

சித்ரா அத்தை: அந்த போட்டோல உள்ளது 85ல நான் எழுதினது. கடவுளே இதப் போயி காப்பாத்தினீங்களா. பாவாடைக்கு அளவு, மிளகு கொடி சில்வர் ஓக்குல ஏத்தினது, கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு போயி செருப்ப தொலைச்சது, இதுதான் இருக்கு பூரா

பவானி (கிளிநொச்சி): முகாம்ல தறப்பாள் கூடாரத்துக்குள்ள எல்லாருக்கும் அத நான் வாசிச்சுக் காட்டுவன். செருப்பு தொலைஞ்ச கதைய பக்கத்து கூடாரத்து ஆக்கள் கூட கேட்டு சிரிப்பினம்

சரவணன் மாமா: எங்க வீட்டம்மா அன்னைக்கே ஃபேமஸ்

சித்ரா அத்தை: பவானி, ஒன்னு கேக்கட்டுமா. பெரியவன் என்ன ஆனான்? போயிட்டான்னா என்ன அர்த்தம்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. செத்துட்டானா, இயக்கத்துக்கு போயிட்டானா, புடிச்சுட்டு போயிட்டாங்களா. கேக்கவும் பயம்

*காலை 9:52*

பவானி (கிளிநொச்சி): 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பவானி (கிளிநொச்சி): 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நிவி: அக்கா நான் படிக்கிறதுக்குள்ள டெலீட் ஆயிருச்சு

பவானி (கிளிநொச்சி): குரூப்ல வேணாம் நிவி. இங்க போன பார்க்கிறவை இருக்கினம். வந்தா நேர்ல கதைப்பம்

பெரியப்பா: சரிம்மா சரிம்மா. யாரும் கேக்காதீங்க. நிவி ஸ்கேன் கீன் ஒன்னும் வேணாம்

நிவி: சரிப்பா. போடல

பவானி (கிளிநொச்சி): ஒண்டு மட்டும் சொல்லலாம். எங்க அப்பாயி இன்னும் குடும்ப அட்டையில பெரியப்பாட, அதான் பெரியவன்ட பேர வெட்ட விடல. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி ஆக்கள் வந்தவை, கையெழுத்து வைக்க மாட்டன் எண்டுட்டா. கந்தசாமி கோவிலடியில 2017 பெப்ரவரி 20ல காணாமல் ஆக்கப்பட்டவர்கள்ட அம்மாமார் போராட்டம் தொடங்கேக்க முதல் நாளே போய் இருந்தவ. இப்ப முழங்கால் ஏலாது, ஆட்டோல கொண்டு போய் இருத்தி விட்டுட்டு வருவம்

பவானி (கிளிநொச்சி): அதனால சித்தி, பாட்டிட்ட சொல்றதெண்டா சொல்லுங்க. ஆனா செத்துட்டான் எண்டு மட்டும் சொல்லிடாதீங்க. எங்களுக்கே யாரும் அப்பிடி சொல்லல

சித்ரா அத்தை: இல்ல கண்ணு. சொல்ல மாட்டேன்

*காலை 10:15*

கார்த்தி: அத்தை அப்பாயி திட்டுது, லெட்டர் படிக்க ஆரம்பிச்சிட்டு போன நோண்டிட்டு உக்காந்திருக்கான்னு. என்ன சொல்ல

சித்ரா அத்தை: நான் வரேன்னு சொல்லு. 11 மணி பஸ் புடிக்கிறேன். அந்த 92 தாள மட்டும் தனியா எடுத்து வை, பெட்டிக்குள்ள திருப்பி போட்ராத

சரவணன் மாமா: கொண்டை ஊசி 20 இருக்கு, அஞ்சாவதுலயே வாந்தி எடுப்பா. நானும் வரேன். தட்டுவடை செட் வாங்கிட்டு வரட்டா கார்த்தி

கார்த்தி: பூண்டு கார செட் மாமா, அப்பாயிக்கு காரம் இல்லாம ஒன்னு

பெரியப்பா: சித்ரா என்ன படிக்கப் போற

சித்ரா அத்தை: எழுதியிருக்கறத அண்ணா. ஏழு வரியையும்

பெரியப்பா: அர்த்தம் கேட்டா

சித்ரா அத்தை: தெரியலன்னு சொல்றேன்

கார்த்தி: கேட்டுச்சு அத்தை, நீங்க வரீங்கன்னு சொன்னதும். "அவ வரட்டும், அவ படிச்சாதான் எனக்கு புரியும்"னு கண்ணாடிய தொடைச்சு வச்சிகிட்டு உக்காந்திருக்கு

சரவணன் மாமா: படிக்க தெரியாத ஆளுக்கு கண்ணாடி எதுக்குடா

கார்த்தி: லெட்டர் பாக்க மாமா