கடுக்கன் போட்டால் ஆம்பளை இல்லையா?

வைகைக்கரையான்:
தம்பி மகன் காது குத்திக்கொண்டு வந்தான். வீட்டில் ஒரே ரகளை. "பொம்பளை மாதிரி என்னடா இது?" என்று கத்திய சித்தப்பாவின் தலைக்கு மேலேயே அவருடைய தாத்தா படம் தொங்குகிறது. குடுமி, இரண்டு காதிலும் கடுக்கன்! இந்த வெட்கம் வெள்ளைக்காரன் கொடுத்தது. 1806 வேலூர் சிப்பாய் எழுச்சி ஞாபகம் இருக்கிறதா? கடுக்கன் கூடாது, நெற்றிக்குறி கூடாது, தாடியை மழி, மீசையை ஒரே மாதிரி நறுக்கு என்று மதராஸ் சிப்பாய்களுக்கு உத்தரவு.

சோழநாட்டான்:
அண்ணே, வேலூரை இதில் இழுக்காதீர்கள். அது சீருடை விதி. மதம் மாற்றிவிடுவார்களோ என்றுதான் சிப்பாய்கள் பயந்தார்கள். எழுச்சிக்குப் பிறகு விதியும் வாபஸ், கவர்னர் பென்டிங்கையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அப்புறம், 'களிறு எறிந்து பெயர்தல் காளைக்குக் கடனே', அதாவது யானையை வீழ்த்தித் திரும்புவதுதான் இளைஞனின் கடமை என்று புறநானூறு பாடியபோது எந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி இருந்தது?

வைகைக்கரையான்:
சரி, வேலூரை விட்டுவிடுகிறேன். 1857க்குப் பிறகு நடந்ததற்கு என்ன சொல்வீர்கள்? கம்பெனிக்காகத் திப்புவோடு மோதிய மதராஸ் படையின் வாரிசுகள், ஆங்கிலேயத் தளபதி ராபர்ட்ஸ் கண்ணுக்குச் சண்டைக்கு லாயக்கில்லாதவர்கள். 1885இல் அவர் இந்தியப் படைத் தலைவரானார். தெற்கில் ஆளெடுப்பு சுருங்கி சீக்கியர், கூர்க்கா பக்கம் போனது. படித்த வங்காளிக்கோ 'பெண்தன்மை உள்ளவன்' என்று பட்டம். புறநானூறு பாடிய ஊருக்கே வீரம் இல்லை என்று எழுதி வைத்தது யார்?

சோழநாட்டான்:
அதே படைதான் சீக்கியரிடம் முடியை வெட்டாதே என்றது. நீள முடிமேல் அவனுக்கு என்ன பகை? உங்கள் வாதம் இங்கேயே அடிபடுகிறதே.

மலர்விழி:
எங்கே அடிபடுகிறது தம்பி? ஒருவனுக்கு மழி, இன்னொருவனுக்கு வளர். ரெண்டையும் சொன்னது ஒரே வாய்தானே? நாமும் நம்பினோம். இங்கிலீஷ்காரன் கறி தின்பதால்தான் பலசாலி, அதனால்தான் நம்மை ஆள்கிறான் என்று நம்பி, காந்தியே சின்ன வயதில் ஆற்றங்கரையில் ஒளிந்து ஆட்டுக்கறி தின்றிருக்கிறார். அன்று ராத்திரி வயிற்றுக்குள் ஆடு கத்துவது போல இருந்ததாம்!

சோழநாட்டான்:
ஆட்டுக்கதை பிரமாதம் அக்கா. ஆனால் வெள்ளைக்காரன் கப்பலேறி எண்பது வருஷம் ஆகப்போகிறது. சித்தப்பாவின் கத்தலையும் அவன் கணக்கிலேயே எழுதினால் எப்படி? அவருக்கென்று புத்தி இல்லையா?

மலர்விழி:
அதுவும் நியாயம்தான். பையன் கழற்றிவிட்டானா?

வைகைக்கரையான்:
இல்லை. சித்தப்பா வந்தால் மட்டும் பெரிய ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொள்கிறான்.