மறு: ‘ஷிஃப்டிங் பேஸ்லைன்’ – தூர்மட்டம் என்று சொல்லலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

‘ஷிஃப்டிங் பேஸ்லைன்’ என்ற ஆங்கிலச் சூழலியல் சொல்லுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை முதல் மடலிலிருந்து விடாமல் படித்துவருகிறேன். ‘எந்தச் சொல்லாக இருந்தால் என்ன, பொருள் புரிந்தால் போதாதா’ என்று நேற்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். பொருள் புரியவில்லை என்பதுதான் என் சிக்கலே. காரைக்குடியைச் சுற்றியுள்ள கண்மாய் ஊர்களில் முதியவர்களிடமும் இளையவர்களிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, விடைகள் எங்கே பிரிகின்றன என்று பார்க்கும் ஆய்வு ஒன்றுக்கு வினாநிரலைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. முதல் சுற்றில் ‘உங்கள் ஊர்ச் சூழலின் அடிக்கோட்டு நிலை’ என்று அச்சிட்டுக்கொண்டு போனோம். கல்லல் பக்கத்தில் ஒரு பெரியவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, எந்த வரிக்குக் கீழே கோடு போட வேண்டும் என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையே இல்லை. அடிக்கோடு என்றால் தமிழனுக்கு எழுத்தின் கீழே இழுக்கும் கோடுதான். ஆகவே ‘நகரும் அடிக்கோடு’ என்ற முதல் பரிந்துரையை நான் ஏற்கவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கருத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் வெப்பமண்டலக் கடல்களின் மீன்வளத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் டேனியல் பாலி. 1995இல் ஒரே பக்க அளவில் ஒரு கட்டுரை எழுதினார். மீன்வள அறிஞர் ஒவ்வொருவரும் தாம் வேலைக்குச் சேர்ந்தபோது கடலில் என்ன இருந்ததோ அதையே தொடக்க நிலையாகக் கொள்கிறார், அதிலிருந்துதான் குறைவைக் கணக்கிடுகிறார். அவர் ஓய்வுபெறும்போது மீன் இன்னும் குறைந்திருக்கும். அடுத்து வருபவருக்கு அந்தக் குறைந்த நிலையே தொடக்கம். இப்படியே படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தாலும், எந்தத் தலைமுறைக்கும் பெரிய இழப்பு நேர்ந்ததாகத் தோன்றுவதில்லை. ‘ஷிஃப்டிங் பேஸ்லைன் சிண்ட்ரோம்’ என்று அவர் பெயரிட்டது இதைத்தான்.

அறிஞர்களைப் பற்றி அவர் சொன்னது மீனவர்களுக்கும் பொருந்துகிறதா என்று மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் மூன்று தலைமுறை மீனவர்கள் 108 பேரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2005இல் முடிவுகள் வெளிவந்தன. ஒருகாலத்தில் நிறைந்திருந்து இன்று அருகிப்போன மீன்கள் என்று இளையவர்கள் சொன்னதைப் போல ஐந்து மடங்கு பெயர்களை முதியவர்கள் சொன்னார்கள். ஒருகாலத்தில் மீன் நிறைந்திருந்து இன்று வற்றிப்போன இடங்களின் பெயர்களிலும் நான்கு மடங்கு வேறுபாடு. தம் வாழ்நாளிலேயே மிகச் சிறந்த நாளில் முதியவர்கள் பிடித்த களவா மீன்களின் எண்ணிக்கை இளையவர்களின் சிறந்த நாளைவிட 25 மடங்கு வரை போயிருக்கிறது. இதில் என்னை உறங்கவிடாதது எண்ணிக்கை அன்று. கரையோரத்தில் பெரிய மீன்கள் எளிதாகக் கிடைத்த காலம் வீட்டிலுள்ள தாத்தாவின் நினைவிலேயே உயிரோடு இருக்கிறது. ஆனால் அதே வீட்டுப் பேரனுக்கு அது தெரியவில்லை.

‘தலைமுறை மறதி’ என்று மதுரையிலிருந்து ஐயா ஒருவர் பரிந்துரைத்தார். அழகான சொல், கேட்டவுடன் புரிகிறது. ஆனால் அது கருத்தில் பாதியைத்தான் பிடிக்கிறது. 2009இல் வந்த ஓர் ஆய்வு இந்த மறதியை இரண்டாகப் பிரித்தது. முன்னோர் கண்டதைப் பின்னவர் அறியாமல் போவது ஒன்று. தானே கண்டதைத் தானே மறந்து, இன்றிருப்பதுதான் என்றும் இருந்தது என்று நம்புவது மற்றொன்று. தலைமுறை மறதி என்பது முதல் வகைக்கு மட்டும் சரியாக உட்காரும் பெயர். அதை அங்கேயே வைத்துக்கொள்வோம், இரண்டுக்கும் பொதுவான தலைச்சொல்லாக ஆக்க வேண்டாம்.

மூன்றாவது பரிந்துரை எங்கள் மண்ணிலிருந்தே வந்தது, அதை விடுவதற்கு எனக்கு மனமில்லை. பேரேட்டில் ஆண்டுத் தொடக்கத்தில் எழுதுவார்களே, முன்னிருப்பு, அதைக் கொண்டு ‘முன்னிருப்பு மாறாட்டம்’ என்று சொல்லலாம் என்றார் நண்பர். கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து வணிகம் செய்ய, போன நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் பற்று வரவு எழுதி ஐந்தொகை போட்டு வளர்த்த கணக்கு மரபு இது. சென்ற ஆண்டின் இறுதி இருப்பும் இந்த ஆண்டின் முன்னிருப்பும் ஒரு காசு பிசகாமல் ஒத்துப்போக வேண்டும் என்பது அந்தக் கணக்கின் முதல் ஒழுக்கம். இயற்கைக் கணக்கில் நாம் செய்வது அதற்கு நேர்மாறு: பழைய ஏட்டைப் பார்க்காமல், கையில் உள்ளதை எண்ணிப் புது ஏட்டின் தலையில் முன்னிருப்பு என்று எழுதுகிறோம். கருத்தை இதைவிடத் துல்லியமாக ஒருவர் விளக்க முடியாது. ஆனால் கணினித் தமிழில் ‘டிஃபால்ட்’ என்பதற்கு முன்னிருப்பு என்ற சொல் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. சூழலியல் கட்டுரையில் அது வந்தால் இளம் வாசகர் கைப்பேசி அமைப்பை நினைப்பார். விளக்கத்துக்கு இந்த உவமையை எடுத்துக்கொள்வோம், சொல்லாக வேண்டாம்.

இனி என் பரிந்துரைக்கு வருகிறேன். அது ஓர் ஊரணியிலிருந்து வந்தது.

தேவகோட்டைக்குப் போகும் வழியில் இருக்கும் எங்கள் ஊரில் குடிநீர் ஊரணி ஒன்று உண்டு, செம்புராங்கல் படிகள் கட்டியது. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோதிலிருந்து அதற்கு ஒன்பது படி. எந்தக் கோடையில் எண்ணினாலும் ஒன்பதுதான். மூன்று ஆண்டுகளுக்கு முன் தூர்வாரினார்கள். பொக்லைன் இறங்கிக் கறுத்த வண்டலை அள்ள அள்ள, பத்தாவது படி தெரிந்தது. பிறகு பதினொன்று, பன்னிரண்டு. ஊரே கரையில் வந்து நின்றது. எண்பதைத் தாண்டிய ஆச்சி ஒருவர், “இன்னும் கீழே போகும். நான் வாக்கப்பட்டு வந்த புதிதில் பதினாறாம் படியில் நின்று தண்ணீர் மொண்டிருக்கிறேன்” என்றார். பிறகு சற்று நேரம் கழித்து, கேட்பதற்கு யாரும் இல்லாதபோது, என்னிடம் இன்னொன்றும் சொன்னார்: “ஊரணிக்கு நடுவில் ஒரு கிணறு உண்டு என்று என் மாமியார் சொல்வார். நான் பார்த்ததில்லை.”

பதின்மூன்றாம் படியோடு பணம் தீர்ந்து வேலை நின்றுவிட்டது. பதினாறு உண்டா, கிணறு உண்டா என்பது இன்றும் எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஒன்பது என்பது தவறு என்று தெரியும்.

தூர்ந்துபோன தரையைத்தான் ஊரணியின் தரை என்று நாங்கள் இத்தனை காலமும் நம்பியிருந்தோம். அப்படி ஏறிவிட்ட பொய்யான மட்டத்தைத் தூர்மட்டம் என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. வண்டலுக்குக் கீழே, கெட்டி மண்ணில் உள்ளது மூலமட்டம், அதுவே ‘பேஸ்லைன்’. மட்டம் மெல்ல மெல்ல ஏறி மறைக்கும் நிகழ்வு, அதாவது ‘ஷிஃப்டிங் பேஸ்லைன் சிண்ட்ரோம்’, மட்டத்தூர்வு. தேர்வு, சோர்வு போல இயல்பாக வரும் தொழிற்பெயர் அது. ‘சிண்ட்ரோம்’ என்பதற்கு நோய்க்குறி என்று தனியாக ஒட்ட வேண்டியதில்லை. தூர்தல் என்று சொல்லும்போதே, எவரும் வேண்டுமென்று செய்யாமல் ஆண்டுக்கு ஆண்டு படிந்துவரும் கேடு என்ற பொருள் வந்துவிடுகிறது. தூர்ந்துபோனது என்றால் வாரலாம் என்ற நம்பிக்கையும் அதில் இருக்கிறது. நகர்வு என்ற சொல்லில் இந்த இரண்டும் இல்லை. தலைமுறை தலைமுறையாகவும் படியும், ஒருவர் வாழ்நாளுக்குள்ளும் படியும் என்பதால் மேலே சொன்ன இரண்டு வகை மறதிக்கும் இது இடங்கொடுக்கிறது.

தனிமடலில் வந்த மறுப்புகளுக்கு இங்கேயே விடை எழுதிவிடுகிறேன்.

தூர் என்றால் அடி, வேர்ப்பகுதி என்றும் பொருள் உண்டே, மரத்தின் தூர் என்கிறோமே, அப்போது தூர்மட்டம் என்பது உண்மையான அடிமட்டத்தைக் குறிக்காதா என்று ஒருவர் கேட்டார். வலுவான கேள்வி, இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கண்மாய் ஊர்களில் கேட்டுப் பார்த்தபோது, மட்டம் என்ற சொல்லோடு சேர்த்துச் சொன்னால் எல்லாரும் வண்டல் ஏறிய மட்டம் என்றே கொண்டார்கள். தூர்வாருதல் என்ற சொல் நாளிதழ்களில் அன்றாடம் புழங்குவதும் இந்தப் பொருளுக்கே துணைநிற்கிறது. துர்நாற்றம் போலத் ‘துர்மட்டம்’ என்று காதில் விழும் என்பது இன்னொரு மறுப்பு. நெடிலை நெடிலாக ஒலித்தால் போதும்.

வண்டல் கேடானது இல்லையே என்று ஒரு விவசாய நண்பர் எழுதியதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். உண்மை. கண்மாய் வண்டல் வயலுக்கு உரம், குயவருக்கு மண், அய்யனாருக்கு எடுக்கும் புரவியும் அதில்தான் பிறக்கிறது. இந்த மறுப்பு சொல்லைக் கெடுக்கவில்லை, அதற்கு ஆழம் தருகிறது என்பது என் எண்ணம். சீமைக் கருவேலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வெப்பமண்டலத்து மரம் அது, 1870களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. எங்கள் வினாநிரலில் ‘உங்கள் ஊரின் பழைய மரங்கள் எவை’ என்ற கேள்விக்கு இருபது வயதுக்காரர்கள் பலர் அதைத்தான் முதலில் சொன்னார்கள். அவர்கள் பிறந்தபோதே கண்மாய் உள்வாய் முழுவதும் அதுதான் நின்றது. தூர்மட்டம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஆனால் அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னபோது அவர்கள் வயிற்றில் புளி கரைந்தது. மேலே படிந்ததிலும் வாழ்க்கை இருக்கிறது. கீழே என்ன இருந்தது என்று கேட்பதும் தேவைதான். ‘சீரழிவு’ போன்ற ஒரு சொல்லை வைத்திருந்தால் அந்தக் குடும்பங்களிடம் போய் நாங்கள் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க முடியாது.

கோயில்காடு மிஞ்சியிருக்கும் ஊர்களில் விடை மாறியது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே பிள்ளைகள்கூட உலக்கைப் பாலை, வீரை போன்ற பழைய நாட்டு மரங்களைப் பெயர் சொல்லிக் காட்டினார்கள். அய்யனாருக்கு அஞ்சிக் கிளை ஒடிக்காத அந்த இரண்டு மூன்று ஏக்கர், மட்டம் தூராத இடம். அதுபோலவே வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டி ஊர்களும். கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பவர்கள் அவர்கள். நத்தை குத்தி நாரை எத்தனை வரவேண்டும் என்பதற்கு அந்த ஊர்ச் சிறுவனுக்கு ஆண்டுதோறும் கண்முன்னே ஒரு கணக்கு இருக்கிறது. இப்படி மூலமட்டத்தைக் காட்டி நிற்கும் பொருள்களுக்கும் ஒரு பெயர் வேண்டும். மட்டச்சான்று என்று வைத்திருக்கிறேன். எங்கள் வீடுகளின் முகப்பில் நிற்கும் பர்மா தேக்குத் தூண்களும் அந்த வகைதான். கைகோத்துக் கட்டிப்பிடித்துப் பார்த்தால், அங்கே ஒருகாலத்தில் எவ்வளவு பருத்த மரங்கள் நின்றன என்பது தெரிகிறது. அங்கே மட்டம் தூர்ந்ததில் எங்கள் முன்னோர் வீடுகளுக்கும் பங்கு உண்டு என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

கண்மாயே அறியாத மெக்சிகோ மீனவருக்கும் ஆப்பிரிக்கக் காட்டு வேட்டைக்காரருக்கும் இந்தச் சொல் எப்படிப் பொருந்தும், கலைச்சொல் பொதுவாக இருக்க வேண்டாமா என்பது கடைசி மறுப்பு. ‘பேஸ்லைன்’ என்ற ஆங்கிலச் சொல் மட்டும் வானத்திலிருந்து விழுந்ததா? நில அளவைக்காரர்கள் தரையில் சங்கிலி பிடித்து அளந்த கோடு அது. 1802இல் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கியபோது அப்படிப்பட்ட ஒரு கோட்டைத்தான் சென்னையில் பரங்கிமலைக்கு அருகே அளந்தார். ஒரு தொழிலின் கைச்சொல் அறிவியலின் பொதுச்சொல்லாக அங்கே வளர முடிந்தது என்றால், மண்வெட்டி பிடித்தவரின் சொல்லும் வளரும்.

எனக்கு இன்னும் தீராத ஐயம் ஒன்றுதான், அதற்குக் கடற்கரை நண்பர்களின் உதவி வேண்டும். ஆய்வின் அடுத்த சுற்று தொண்டிப் பக்கம் போகிறது. மீன்பாடு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருவதை, குறைந்ததே இயல்பு என்று பழகிவிடுவதை, அங்கே எப்படிச் சொல்கிறார்கள்? கடலடி மண்ணேறுவதற்குத் தனிச்சொல் ஏதும் உண்டா? இருந்தால் எழுதுங்கள். கண்மாய் ஊர்களுக்கான தாளில் மூன்றாம் கேள்வியை ‘உங்கள் ஊரின் தூர்மட்டம் எது, அதற்குக் கீழே என்ன இருந்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறீர்கள்’ என்று மாற்றிவிட்டேன். ஆச்சியிடம்தான் முதலில் கேட்கப் போகிறேன்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து