பங்குனியில் தக்காளிப் பூ உதிருது, பீர்க்கம் பிஞ்சு மஞ்சளாகுது: மதில் சூழ்ந்த கொல்லைக்கு எந்தப் பட்டம் சரி?

திருநகர் கொல்லை:
மதுரை திருநகர். வீட்டுக்குப் பின்னால் 20க்கு 14 அடி இடம். வடக்கே வீடு, மத்த மூணு பக்கமும் 6 அடி மதில். 8 அடி உயரத்தில் 50 சதவீதப் பச்சை நிழல்வலை, வருஷம் பூரா கட்டியே இருக்கு. தை கடைசியில் தக்காளி (பி.கே.எம் 1 ரகம்) நாற்று விட்டு மாசி கடைசியில் நட்டது. இப்போ பூ நிறைய வருது, ஒண்ணுகூட பிஞ்சாகலை. அதே சமயம் ஊன்றின பீர்க்கங்காயில் பிஞ்சு விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி விழுது. உரம் பத்தலையா? இல்ல பட்டமே தப்பா?

மேலூர் சம்சாரி:
மூணு விஷயம் பாத்துச் சொல்லுங்க. தக்காளிப் பூக்காம்பு நடுவில் முட்டி மாதிரி இருக்கும், பூ அங்கேயா கழலுது? பீர்க்கம் பிஞ்சில் ஊசி குத்தின மாதிரி புள்ளியோ பிசின் துளியோ இருக்கா? விடியக்காலை 6 மணிக்குச் செடி உயரத்தில் எத்தனை டிகிரி? தெர்மாமீட்டரைச் சுவரில் மாட்டாம, குச்சி நட்டுத் தொங்கவிடுங்க.

திருநகர் கொல்லை:
முட்டியிலதான் கழலுது. பிஞ்சில் புள்ளி இல்லை, நுனியில் இருந்து சுருங்குது. அறுத்துப் பார்த்தாலும் புழு இல்லை. கொல்லை நடுவில் 26 டிகிரி, கிழக்கு மதில் ஓரம் 28.

மேலூர் சம்சாரி:
அப்போ உரம் காரணம் இல்லைங்க. தக்காளிக்கு ராத்திரி 21, 22 டிகிரியைத் தாண்டினாலே காய்ப்பிடிப்பு குறைய ஆரம்பிக்கும். ராத்திரி 25, பகல் 35ன்னு போச்சுன்னா மகரந்தம் மலடாயிடும். இந்த நேரத்தில் யூரியா வச்சா தழைதான் கூடும், உதிர்வு நிக்காது.

கிழக்கு மதிலோட உள்பக்கம்தான் சாயங்கால வெயிலை நேரா வாங்குது. ராத்திரி முழுக்க அந்தச் சூட்டைக் கக்கும். உள்பக்கம் சுண்ணாம்பு அடிங்க, செடியை மதிலில் இருந்து 2 அடி தள்ளி வைங்க. கொஞ்சம் குறையும். பங்குனித் தக்காளியைக் காப்பாத்துற அளவுக்குக் குறையாது.

பட்டத்தை விதையில் இருந்து எண்ணாதீங்க, பூவில் இருந்து பின்னோக்கி எண்ணுங்க. நாற்றுக்கு 25 நாள், நட்டபின் பூ வர 30 நாள், ஆக 55 நாள். மதுரையில் ராத்திரி குளிர்ச்சியா இருக்கிறது கார்த்திகையில் இருந்து மாசி முன்பாதி வரை. அதுக்குள்ள பூ வரணும்னா புரட்டாசி ரெண்டாம் வாரத்தில் இருந்து கார்த்திகை நடுவரைக்கும் விதைக்கலாம். உங்க விதை ரெண்டு மாசம் பிந்திப் போச்சு.

நாற்றங்கால்:
பீர்க்கு சங்கதி வேற, அது சூட்டைத் தாங்கும். தை ரெண்டாம் வாரத்தில் இருந்து ஊன்றலாம், ஆடியிலயும் ஊன்றலாம். உங்க குறை மகரந்தச் சேர்க்கைதான். பீர்க்கம்பூ சாயங்காலம் 5 மணிவாக்கில் விரியும். வலையும் மதிலும் சேர்ந்து பூச்சியை உள்ளே விடலை. சாயங்காலம் ஆண்பூவைப் பறிச்சு இதழைப் பின்னால மடக்கி, பெண்பூவின் நடுவில் மூணு நாலு தடவை தொட்டு எடுங்க. பெண்பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருக்கும், அதுதான் அடையாளம். பாகலும் வெள்ளரியும் இதுக்கு நேர்மாறு, காலை 6ல் இருந்து 8க்குள்ள தொடணும். புடலை ராத்திரிப் பூ. எல்லாத்துக்கும் காலையிலயே பிரஷ் போட்டுட்டு பலனில்லைன்னு கேக்கிறவங்கதான் அதிகம்.

காத்தே இல்லாத இடத்தில் தக்காளிக்கும் ஒரு வேலை இருக்கு. கார்த்திகை, மார்கழியில் பூக்கும்போது காலை 10 மணிக்கு முட்டுக்குச்சியை விரலால் தட்டி விடுங்க.

ஒத்தக்கடை தளிர்:
வருஷம் முழுக்க 50 சதவீத வலை எதுக்கு? ஐப்பசி மேகத்தில் கிடைக்கிற வெளிச்சத்தையும் பாதியா வெட்டினா செடி நெடுநெடுன்னு போகும், பூ எடுக்காது. பங்குனியில் கட்டி ஆடிவரை வைங்க, ஆவணியில் சுருட்டிடுங்க. காய்ச்செடிக்கு 35 சதவீதம் போதும், 50 கீரைக்கும் நாற்றுக்கும்.

மதில் நிழலையும் கணக்கில் எடுங்க. மதுரையில் சித்திரை முதல் வாரமும் ஆவணி ரெண்டாம் வாரமும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிக்கும். மார்கழியில் தெற்கே சாய்ஞ்சிடும். அப்போ உங்க 6 அடி தெற்கு மதில் உச்சி வேளையிலேயே கிட்டத்தட்ட 4 அடிக்கு நிழல் போடும், காலையும் மாலையும் அதைவிட நீளம். இப்போ பளீர்னு வெயில் அடிக்குதேன்னு அங்கே தக்காளிப் பாத்தி பிடிச்சா மார்கழியில் ஏமாந்துடுவீங்க. அந்த 4 அடியை மழைக்காலத்தில் கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் விடுங்க.

திருநகர் கொல்லை:
பூ உதிர்வுக்குக் கடையில் ஹார்மோன் மருந்து தர்றாங்களே, அடிக்கலாமா? இருக்கிற தக்காளியை என்ன செய்ய?

மேலூர் சம்சாரி:
காசு தண்டம். பூ கொஞ்ச நாள் காம்பில் தங்கலாம், மகரந்தம் உயிரோட இருந்தாத்தானே ஒழுங்கான காய்? வெயில் ஏற ஏற வெள்ளை ஈ வந்து இலைச்சுருள் நோயும் கூடும். இலை மேல்நோக்கிச் சுருண்ட செடி இருந்தா இன்னைக்கே பிடுங்கிடுங்க. அந்த இடத்தில் வெண்டை ஊன்றலாம், வரிசைக்கு ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி. அதுக்கு மட்டும் மேலே வலையை ஒதுக்கி விடுங்க. கொத்தவரையும் வரும். வலைக்கு அடியில் அரைக்கீரை, தண்டங்கீரை. கத்தரிக்கு ஆனியில் நாற்று விட்டு, 30, 35 நாள் ஆனதும் ஆடியில் நடுங்க. மிளகாய் நாற்றுக்கு 40, 45 நாள் வேணும், ஆவணியில் விட்டுடுங்க. மதிலுக்குள்ள ஆடிக்காத்து செடியைச் சாய்க்காது, உங்களுக்கு லாபம்தான். ஆனா காத்தோட்டம் இல்லாத மூலையில் மாவுப்பூச்சி ஏறும், இலைக்கு அடியில் பாருங்க.

திருநகர் கொல்லை:
சரிண்ணே. புரட்டாசியில் விதைச்சா நாற்று மழையில் அழுகாதா?

நாற்றங்கால்:
தரையில் விட்டா தண்டு அடியில் நூல் மாதிரி இத்துப்போய் சாயும். குழித்தட்டில் தென்னைநார்க் கழிவு போட்டு, விதையை அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போகாம வைங்க. தட்டுக்கு ஒன்றரை அடி மேலே பாலிதீன் கூரை, நாலு பக்கமும் திறந்தே இருக்கட்டும். தண்ணி காலையில் மட்டும். ஒரு நாற்று சாஞ்சாலும் அதை எடுத்துட்டு, காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து மத்ததுக்கு வேரில் ஊத்துங்க.