கண்ணாடி முன்னால் அரை மணி நேரம்: தேவையா, வீணா?

சுடர்விழி:
"கண்ணாடி முன்னால் இவ்வளவு நேரம் நிற்கிறாயே, மனசு நல்லா இருந்தா போதாதா?" என்று நேற்று ஒரு நண்பர் கேட்டார். மனசை யார் பார்க்கிறார்கள்? 1920-இலேயே உளவியலாளர் தார்ன்டைக் ஒரு கட்டுரையில் இதைக் காட்டிவிட்டார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மதிப்பெண் போட்டபோது, உடல்வாகுக்கு நிறைய வாங்கியவர்களே அறிவுக்கும் தலைமைப் பண்புக்கும் நிறைய வாங்கினார்கள்.

பழைய சட்டை:
அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே அவர் அதைப் 'பிழை' என்றுதான் சொல்கிறார். அடுத்தவர் கண்ணில் இருக்கும் கோளாறுக்கு நான் ஏன் அலங்காரம் செய்துகொள்ள வேண்டும்?

சுடர்விழி:
கோளாறுதான், யார் இல்லை என்றது? வேலை கொடுப்பவரும் அதே கண்ணோடுதானே உட்கார்ந்திருக்கிறார். கசங்கிய சட்டையோடு நேர்காணலுக்குப் போய், 'உள்ளம் தங்கம்' என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொள்ளவா?

நடுவில் ஒருத்தி:
சட்டையைத் தேய்த்துப் போடுவதில் தப்பே இல்லை. போட்ட பிறகும் நினைப்பு அதிலேயே கிடந்தால்தான் வம்பு. காணொளிக் கூட்டங்களில் மூலையில் என் முகம் தெரியும் சின்னப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் கூட வேலை செய்பவர் அப்பா இறந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். நானோ கன்னத்துப் பரு தெரியாமலிருக்கக் கேமராவைச் சாய்த்துக்கொண்டிருந்தேன். "உனக்கும் இப்படி ஆச்சுல்ல?" என்று அவர் கேட்டபோது திருதிருவென்று விழித்தேன். இன்றைக்கும் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

பழைய சட்டை:
இவ்வளவுக்கும் அந்தப் பருவை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். உளவியலாளர் கிலோவிச்சும் அவருடைய குழுவும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், கூச்சம் தரும் படம் போட்ட டி-ஷர்ட்டோடு மாணவர்களை ஒரு அறைக்குள் அனுப்பினார்கள். உள்ளே இருந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தது கால்வாசிப் பேர்.

சுடர்விழி:
கால்வாசி என்ன சும்மாவா? அதில் என் மேலாளர் இருந்தால்? நான் அரை மணி நேரத்தை விடுவதாக இல்லை. ஆனால் அந்தப் பெட்டிக் கதை கொஞ்சம் சுட்டுவிட்டது. எனக்கும் அதே பழக்கம். அந்தப் பெட்டியை எப்படி மறைப்பது?

நடுவில் ஒருத்தி:
நான் பயன்படுத்தும் செயலியில், நம் படத்தின் மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தினால் மறைக்கும் வசதி வரும். மற்றவர்களுக்கு நீங்கள் தெரிவீர்கள். உங்களுக்குத்தான் தெரிய மாட்டீர்கள். முதல் இரண்டு நாள் கை பரபரக்கும்.