இரண்டு களையில் காலம் ஓடுவது ஏன்?

வீச்சுக்கை (கேள்வி)
இரண்டு களை ஆதி தாளம்: எட்டு அட்சரம் (தாள எண்ணிக்கை) கொண்ட சுற்று ஒரு ஆவர்த்தனம், ஒவ்வொரு அட்சரத்திலும் இரண்டு களை (உட்பிரிவு). செயலியில் மெட்ரோனோமை (சீராகத் தட்டொலி தரும் கருவி) நிமிடத்துக்கு 25 என்று வைத்து, அட்சரத்துக்கு ஒரு க்ளிக். க்ளிக் கேட்கும்வரை கை சரியாக விழுகிறது. அதை நிறுத்திவிட்டுப் பாடினால், 76.8 வினாடியில் முடிய வேண்டிய நாலு ஆவர்த்தனம் 74 வினாடியிலேயே முடிந்துவிடுகிறது. நிமிடத்துக்கு 80 வேகத்தில் ஒரு களைக் கிருதி பாடும்போது இந்தத் தொல்லை இல்லை. மெதுவாகப் போனால் சுலபமாகத்தானே இருக்க வேண்டும்? இப்படி வேகம் கூடி ஓடுவது காதுக்கும் ஏன் தெரிவதில்லை?

அலைநீளம்
60-ஐ 25 ஆல் வகுத்தால் 2.4 வினாடி. சிக்கல் அந்த எண்ணில்தான் இருக்கிறது. க்ளிக்கோடு சேர்ந்து தட்டும் சோதனைகளில் பெரும்பாலோரின் விரல் ஒலிக்குச் சில பத்து மில்லிவினாடி முன்பாகவே விழும். மூளை அடுத்த தட்டை முன்கூட்டியே கணிக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். இடைவெளி சுமார் 1.8 வினாடியைத் தாண்டினால் இந்தக் கணிப்பு தளர்ந்து, பல தட்டுகள் க்ளிக்கைக் கேட்ட பிறகே விழத் தொடங்கும். அதனால் நீங்கள் 'சரியாக விழுகிறது' என்பதில் ஒரு பங்கு க்ளிக்கைத் துரத்துவதுதான். க்ளிக் நின்றதும் துரத்த ஆள் இல்லை.

80இல் உங்கள் இடைவெளி 0.75 வினாடி. மனிதக் கை இயல்பாக விரும்பும் 0.5–0.6 வினாடிக்கு அது பக்கம்.

ஏன் ஓடுகிறது, ஏன் இழுக்கவில்லை (வேகம் குறையவில்லை)? ஜெர்மானிய உடலியங்கியல் அறிஞர் ஃபியரோர்ட் 1868இலேயே எழுதியது: குறுகிய இடைவெளிகளை நாம் நீட்டியும், நெடியவற்றைச் சுருக்கியும் திருப்பித் தருகிறோம்.

காது விஷயம்: சீரான தட்டு வரிசையில் சுமார் 2.5 சதவீத மாற்றம்தான் கேட்பவருக்குப் பிடிபடும் என்று ஃப்ரைபெர்கும் சுண்ட்பெர்கும் 1995இல் காட்டினார்கள். அதுவும் ஒரு வினாடிக்கு உட்பட்ட இடைவெளிகளில். 2.4 வினாடியில் காது இன்னும் மந்தம். உங்கள் பிழை மொத்தம் 3.6 சதவீதம், 32 அட்சரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்திருக்கிறது. எப்படித் தெரியும்?

மாத்திரை64
மருந்து பழையதுதான்: 2.4-ஐ எட்டாக வெட்டுங்கள். 'தகதிமி தகஜணு', எழுத்துக்கு 0.3 வினாடி. ஒன்றேகால் வினாடிக்கு மேற்பட்ட இடைவெளியை உள்ளே எண்ணி அளப்பவர்கள் எண்ணாதவர்களைவிடத் துல்லியமாக இருப்பார்கள் என்பது ஆய்வகத்திலும் தெரிந்த சங்கதி.

முதலில் மெட்ரோனோம் 100, அட்சரத்துக்கு நாலு க்ளிக். சொற்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். எட்டு ஆவர்த்தனம் பிசகாமல் நின்றால் 50, உதட்டசைவு மட்டும். அப்புறம் 25, மனதுக்குள். கடைசியில் சமத்தில் (ஆவர்த்தனத்தின் முதல் தட்டில்) மட்டும் க்ளிக், அதாவது 19.2 வினாடிக்கு ஒன்று. சில செயலிகளில் தட்டுகளைத் தனித்தனியே மௌனமாக்கலாம். சாவி கொடுக்கும் பழைய மரப்பெட்டி மெட்ரோனோம் பெரும்பாலும் 40க்குக் கீழே இறங்காது, அதில் 50 வைத்துக் களைக்கு ஒன்றாகப் பிடியுங்கள்.

வழக்கமாகக் கெடுவது இரண்டாம் பாதி. 'தகதிமி' நிதானமாக வரும், 'தகஜணு' விழுங்கப்படும். குறிப்பாக 'ணு' கிடைத்தபாடில்லை. அதற்குத் தகஜணுவை மட்டும் சத்தமாகச் சொல்லுங்கள். இன்னொன்று, தட்டிவிட்டுக் கையைத் தொடையில் வைத்தபடி காத்திருக்காதீர்கள். உடனே எழுந்து, வளைந்து, அடுத்த தட்டுக்கு இறங்கும் கை தானே ஒரு அளவுகோல்.

கார்வை
கவனம் பற்றி யாரும் சொல்லவில்லையே. உளவியலாளர்கள் ஸக்காய், பிளாக் இருவரும் 1995இல் முன்வைத்த கருத்துப்படி, காலத்தின்மேல் வைக்கும் கவனம் ஒரு வாசல். திறந்திருந்தால் உள்கடிகாரத்தின் துடிப்புகள் உள்ளே நிறையச் சேரும், நேரம் நீண்டதாகத் தோன்றும். கார்வையில் (ஒரு சுரத்தை நீட்டி நிற்கும் இடத்தில்) வேறு வேலை இல்லை. 'போதும், வந்துவிட்டது' என்று கை முந்தும். கடினமான சங்கதியில் (ஒரு வரியை மாற்றி மெருகேற்றிப் பாடும் இடத்தில்) கவனம் சுரத்துக்குப் போகும், வாசல் பாதி மூடும், கை பிந்தும். ஆகவே கார்வையில் ஓட்டம், சங்கதியில் இழுப்பு.

மாத்திரை64
முதல் பாதி சரி. இரண்டாவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பிருகா (வேகமான சுர உருட்டல்) அடர்ந்த இடத்தில் இழுப்பவரைவிட ஓடுபவர்தான் அதிகம். குரலுக்குப் பழகிய வேகம் ஒன்று இருக்கிறது, தாளத்தை அது இழுத்துக்கொண்டு போகும். கச்சேரி மேடையில் படபடப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அலைநீளம்
அளந்து பார்த்தால் சண்டையே வேண்டாம். தாளம் போடும் ஒலியைத் தனி மைக்கில் பதிந்து, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, 32 இடைவெளிகளையும் குறியுங்கள். ஒன்று குறுகி அடுத்தது அதே அளவு நீண்டால் அது கைப்பிழை: ஒரு தட்டு முந்தி விழுந்தது, உள்கடிகாரம் நகரவில்லை. ஆய்வாளர்கள் விங், கிறிஸ்டஃபர்சன் 1973இல் கைப்பிழையையும் கடிகாரப் பிழையையும் பிரித்தது இந்த அடையாளத்தால்தான். இடைவெளிகள் படிப்படியாகக் குறுகினால்தான் உண்மையான ஓட்டம். எந்த அட்சரத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். கார்வையா பிருகாவா என்று அதுவே சொல்லிவிடும்.

க்ளிக்கோடு ஒப்பிடும் பதிவுக்கு மட்டும் புளூடூத் இயர்போன் வேண்டாம். அதன் தாமதம் 100 மில்லிவினாடிக்கு மேலும் போகும். இல்லாத பிழையைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.