போட்டோவைப் பார்த்து அரூப நிலக்காட்சி: எனக்கு வருவது ஒன்றில் நகல், இல்லாவிட்டால் சேறு

உவர்மலையான்:
வணக்கம். இரண்டு வருடமாக அக்றிலிக் வண்ணத்தில் வரைகிறேன், யாரிடமும் முறையாகப் பழகவில்லை. திருகோணமலை உட்துறைமுகப் பக்கம் பின்னேரம் எடுத்த படம் ஒன்று போனில் கிடக்கிறது. எதிர்க்கரை மலைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்குகிறது, தண்ணீர் முழுக்கச் செம்பு நிறம், நடுவில் இரண்டு வள்ளம், ஓரத்தில் ஒரு பாழாய்ப்போன மின்கம்பம். இதை அரூபமாக்க, அதாவது பொருட்களை அப்படியே கீறாமல் வெறும் நிறமும் வடிவமுமாக மாற்ற, நாலு தரம் முயன்றுவிட்டேன். முதல் இரண்டும் போட்டோவின் நகல், அதுவும் மோசமான நகல். மற்ற இரண்டிலும் சுதந்திரமாக வரைகிறேன் பேர்வழி என்று வண்ணம் பூசுகிற கத்தியால் இழுத்து இழுத்து, கடைசியில் மாரி மழையில் லொறி போன ஒழுங்கை மாதிரி ஆகிவிட்டது. அம்மா பார்த்துவிட்டு "இதில் எந்தப் பக்கம் மேல்?" என்று கேட்டார். எதை விடுவது, எதை வைப்பது என்று நீங்கள் எல்லாம் எப்படி முடிவெடுக்கிறீர்கள்?

கரிக்கட்டி:
தம்பி, நீங்கள் நிறத்தில் தொடங்குகிறீர்கள் போல, அங்கேதான் சறுக்குகிறது. போனிலேயே படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிக் கண்ணை இடுக்கிக்கொண்டு பாருங்கள். வள்ளமும் கம்பமும் கரைந்துபோய் வெளிச்சமான வானம், இருண்ட மலை, இரண்டுக்கும் நடுத்தரமான தண்ணீர் என்று நாலைந்து பெரிய துண்டுகள்தான் மிஞ்சும். அந்தத் துண்டுகளை மட்டும் தீப்பெட்டி அளவில் பென்சிலால் பத்துத் தரமாவது கீறுங்கள், ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்றை மாற்றி. ஒன்றில் மலையை மேலே தள்ளி வானத்தை ஒரு கீற்றாக்கலாம், இன்னொன்றில் தண்ணீரே முக்கால்வாசி. பிடித்ததை எடுத்துக்கொண்டு போனை மூடி வையுங்கள். போட்டோ முன்னால் இருக்கும்வரை கை தானாக அந்தக் கம்பத்தைத் தேடித்தான் போகும்.

அமெரிக்க ஓவியர் றிச்சர்ட் டீபன்கோர்ன் 1967இல் தொடங்கிய ஓஷன் பார்க் வரிசையையும் தேடிப் பாருங்கள். கடல், கரை என்று ஒன்றையும் கீறவில்லை, பெரிய நிறத்தளங்களும் சில கோடுகளும்தான், ஆனால் கடலோர வெளிச்சம் அப்படியே நிற்கும். திருத்திய கோடுகளைக்கூட அவர் முழுக்க மறைக்கவில்லை, எனக்கு அதுதான் பிடித்தது.

சோழகம்:
கரிக்கட்டி அண்ணா சொன்னது சரிதான், ஆனால் அந்த இருண்ட மலையே போட்டோ சொன்ன பொய். சூரியன் எதிரே நிற்கும்போது கமரா வானத்துக்கு வெளிச்சத்தைச் சரிக்கட்டினால் நிழல் எல்லாம் கறுப்பாக விழும். நம் கண்ணுக்கு அதே மலையில் கத்தரிப்பூ நிறமும் கொஞ்சம் பச்சையும் தெரியும். போன் லென்ஸ் அகலமானது என்பதால் தூரத்து மலை ஒரு கோடாகச் சுருங்கி, முன்னால் வெறும் தண்ணீர் பெரிதாக விரியும். நீங்கள் நின்று பார்த்தது அது இல்லையே. உவர்மலையில் இருப்பவருக்குத் துறைமுகம் என்ன தூரமா? நாளை பின்னேரம் வெறுங்கையோடு போய்க் கால் மணி நேரம் நில்லுங்கள், வீட்டுக்கு வந்து நாலு வார்த்தை எழுதி வையுங்கள், அப்புறம் வரையுங்கள்.

நம் நாட்டு நவீன ஓவியர்களின் அமைப்பான 43 குழுவில் இருந்த ஐவன் பீரிஸ், வாழ்க்கையில் பாதியை இங்கிலாந்தில் கழித்தும் இலங்கைக் கரைகளைத்தான் ஞாபகத்திலிருந்து வரைந்துகொண்டிருந்தார். முழு அரூபம் என்று சொல்ல முடியாது, ஆனால் எவ்வளவு குறைவான பொருட்களை வைத்து ஒரு கரையை நிறுத்துகிறார் என்று பாருங்கள்.

மண்சட்டி:
சேற்றுக்கு மருந்து நான் சொல்கிறேன். செம்மஞ்சளும் நீலமும் ஒன்றையொன்று கொல்கிற நிறங்கள். வானம் ஈரமாக இருக்கும்போதே மலையின் நீலத்தை அதற்குள் கத்தியால் இழுத்தால் சாம்பலும் மண்ணிறமும்தான் வரும், யார் இழுத்தாலும். முதல் படையைக் காயவிட்டு மேலே போடுங்கள். அல்ட்ராமரீன் நீலம், பேர்ண்ட் சியன்னா என்கிற செம்மண்ணிறம், மஞ்சள் காவி, வெள்ளை, இந்த நாலும் போதும். முதல் இரண்டையும் கலந்தாலே கறுப்புக்குக் கிட்ட வரும், கறுப்பு ரியூப் தேவையில்லை.

இன்னொன்று, அக்றிலிக் காய்ந்தால் ஒரு படி இருண்டுவிடும், ஏனென்றால் அதிலுள்ள பசை ஈரத்தில் பால் மாதிரி வெள்ளை, காய்ந்ததும் கண்ணாடி. ஒரு சித்திரை மாதம் மின்விசிறிக்குக் கீழே இருந்து வரைந்து, கலந்த நிறம் பிரஷ் தொட முதலே தோலாகிவிட்டது எனக்கு. இப்போது சோற்றுப் பெட்டிக்குள் நனைத்த துணி, அதற்கு மேல் பேக்கிங் கடதாசி, அதில்தான் கலக்கிறேன். மூடி வைத்தால் அடுத்த நாளும் இருக்கும்.

உவர்மலையான்:
எல்லோருக்கும் நன்றி. பன்னிரண்டு சின்னப் படம் கீறினேன், துறைமுகத்துக்கும் போய் நின்றேன். மலை உண்மையாகவே கறுப்பில்லை, சோழகம் சொன்னபடிதான். வள்ளம் இரண்டையும் தூக்கிவிட்டேன், ஒரு நட்டமும் இல்லை. ஆனால் கரிக்கட்டி அண்ணா கோபிக்கக்கூடாது, ஒன்பதாவது படத்தில் அந்த மின்கம்பம் திரும்ப வந்துவிட்டது. எல்லாம் படுக்கையாகக் கிடக்கிற இடத்தில் நிமிர்ந்து நிற்கிற ஒரே கோடு அதுதான், அதை எடுத்தால் மிச்சம் எல்லாம் வழுக்கிப் போகிறது. வெள்ளிக்கிழமை பெரிய கான்வஸில் தொடங்கினேன், இன்னும் முடியவில்லை. அம்மா இந்த முறை மேல் எது கீழ் எது என்று கேட்கவில்லை, "கரண்ட் கம்பத்தை ஏன் கீறினாய்?" என்றுதான் கேட்டார்.